கட்டியது ஸ்பெயினில், மறுபடி கட்டியது மியாமியில்: சாக்ரமேனியா மடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினில் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு துறவி மடம், இன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மியாமிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. நடுவே 26 வருடம் அது மரப்பெட்டிகளுக்குள் கிடந்தது. பழைய கட்டடங்களைப் பெயர்த்து இடம் மாற்றிய கதைகளில் இதைவிடக் குளறுபடியான இன்னொன்றை நான் படித்ததில்லை. இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

மடம் முதலில் எங்கே இருந்தது? யார் கட்டினார்கள்?

ஸ்பெயினின் செகோவியா மாகாணத்தில், சாக்ரமேனியா என்ற சிற்றூருக்கு வெளியே. காஸ்தீல் அரசர் ஏழாம் அல்ஃபோன்சோ காலத்தில், 1130கள், 1140கள் வாக்கில் எழுந்தது. குடியேறியவர்கள் சிஸ்டர்சியன் சபைத் துறவிகள். ஊர்ச் சந்தடி எட்டாத இடம், பக்கத்தில் தண்ணீர், உழைக்க நிலம், சுவரில் ஆடம்பர வேலைப்பாடு கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். மடம் முதலில் மாதா பெயரில் இருந்தது. சபையின் பெரும்புள்ளியான கிளெர்வோ பெர்னார்டுக்கு 1174இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு அவர் பெயருக்கு மாறியது. மியாமியில் இன்றும் புனித பெர்னார்டு ஆலயம் என்றே சொல்கிறார்கள்.

கோட்டையைத்தான் பெயர்த்துக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டோமே?

இது கோட்டை இல்லை, மடம். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. இதை வாங்கிய அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டுக்குக் கோட்டைப் பைத்தியம் உண்டு. அவர் கலிஃபோர்னியாவில் கட்டிய மாளிகையை எல்லாரும் 'ஹெர்ஸ்ட் கோட்டை' என்றே சொல்வார்கள். வேல்ஸில் நிஜமான இடைக்காலக் கோட்டை ஒன்றையும் வாங்கினார். இன்னொரு ஸ்பானிய மடத்தை உடைத்துக் கொண்டுபோய்ப் புதிதாக ஒரு கோட்டையே கட்டப் பார்த்தார். அந்தக் கதைகள் கீழே வரும்.

பெயர்க்கும்போது அது பாழடைந்த இடமா?

துறவிகள் ஏறக்குறைய 700 ஆண்டு அங்கே இருந்தார்கள். 1835–36இல் பிரதமர் மெந்திசாபல், கடனில் மூழ்கியிருந்த அரசுக்குப் பணம் திரட்ட ஸ்பெயின் முழுக்க மடங்களின் சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விட்டார். சாக்ரமேனியாவும் தனியார் கைக்குப் போனது. வாங்கியவர்களுக்கு அது விவசாயப் பண்ணை, அவ்வளவுதான். துறவிகள் மௌனமாக நடந்த இடத்தில் தானியம் கொட்டி வைத்தார்கள், கால்நடை கட்டினார்கள். ஒரு நூற்றாண்டு இப்படிப் போனது. ஆனாலும் வளைவுகள் விழவில்லை, கூரை பெரும்பாலும் இருந்தது. பாழடைந்தது என்பதைவிடக் கேட்பாரற்றுக் கிடந்தது என்பதுதான் பொருத்தம்.

வாங்கியது யார்? ஏன் வாங்கினார்?

வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பத்திரிகை நடத்திய கோடீஸ்வரர், 1863இல் பிறந்தவர். 1919 முதல் கலிஃபோர்னியாவின் சான் சிமியோனில் ஜூலியா மார்கன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து மலையுச்சியில் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்துக்குள் வைக்க ஐரோப்பாவிலிருந்து மச்சு, கதவு, கணப்பு, சிலை என்று எது விலைக்கு வந்தாலும் வாங்கினார். வாங்கியதில் பாதியைப் பிரித்துப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது என்பது என் எண்ணம். வைக்க இடம் இருக்கிறதா என்று யோசித்து வாங்குகிறவர் இல்லை அவர்.

ஸ்பெயினில் அவருக்கு ஆள், ஆர்தர் பைன் என்ற அமெரிக்கர். மாட்ரிடில் குடியிருந்து, மனைவியோடு சேர்ந்து ஸ்பானியக் கட்டடக் கலை பற்றி நல்ல நூல்கள் எழுதியவர். எந்தக் கட்டடத்துக்கு என்ன பெருமை என்று எழுதத் தெரிந்தவருக்கு எதை யாரிடம் விற்கலாம் என்றும் தெரிந்திருந்தது. 1925இல் சாக்ரமேனியா பேரம் முடிந்தது.

முழு மடத்தையும் எடுத்துப் போனார்களா?

இல்லை. தேவாலயத்தைத் தொடவில்லை, அது இன்றும் அங்கேயே நிற்கிறது. போனது சுற்று நடை, கூட்ட மண்டபம், சாப்பாட்டுக் கூடம் முதலியவை. சுற்று நடை என்றால் நம் கோயில் திருச்சுற்றை நினைத்துக்கொள்ளலாம்: நடுவில் வெட்டவெளி முற்றம், நாலு பக்கமும் வளைவுகள் தாங்கிய கூரைபோட்ட நடை. மடத்து வாழ்க்கை முழுக்க அதைச் சுற்றித்தான். கூட்ட மண்டபத்தில் துறவிகள் தினமும் கூடி, சபை விதிநூலில் ஓர் அதிகாரத்தை வாசித்துக் கேட்பார்கள்.

ஸ்பெயின் அரசு எப்படி விட்டது?

1925இல் தடுக்க வலுவான சட்டம் இல்லை. சொத்து தனியாருடையது, விற்பவர் விற்றார். அடுத்த வருடமே, 1926 ஆகஸ்டில், கலைச்செல்வங்கள் நாட்டை விட்டுப் போவதைக் கட்டுப்படுத்தும் ஆணை வந்தது. அது வந்த பிறகும் போகிறது போய்க்கொண்டுதான் இருந்தது.

கல் கட்டடத்தை எப்படிப் பிரிப்பார்கள்?

கட்டிய வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் அளந்து வரைபடம் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் எண். வளைவுக்கு அடியில் மரச்சாரம் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, உச்சிக்கல்லை முதலில் உருவி, இரண்டு பக்கமும் சமமாக இறங்கி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்கம் தானாக வந்துவிடும், ஆள் மேலேயே. பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து என்பது இந்த வேலையில் பெரிய வசதி. சிமெண்ட் என்றால் கல்லோடு சேர்ந்து உடையும், சுண்ணாம்பு பொறுமையாகத் தட்டினால் விட்டுக் கொடுக்கும்.

இங்கே முக்கியமான விஷயம் எண்தான். வளைவுக் கற்கள் எல்லாம் ஆப்பு வடிவில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கையால் செதுக்கியவை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்று இழைத்தது. பக்கத்து வளைவில் வைத்தால் விரல் அகலம் பொருந்தாமல் போகும். எந்தக் கல் எங்கே என்பது சாக்ரமேனியாவில் பெட்டி எண்ணை நம்பியே இருந்தது. கற்களை வைக்கோல் சுற்றி, எண் போட்ட மரப்பெட்டிகளில் அடுக்கினார்கள். சுமார் 11,000 பெட்டிகள்.

வைக்கோல் கதை உண்மையா?

உண்மை. கப்பல் நியூயார்க் வந்தது. செகோவியா பக்கம் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியிருந்ததாக அமெரிக்க வேளாண்மைத் துறைக்குத் தெரிந்தது. கோமாரிக் கிருமி வைக்கோலில் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது. உடனே சரக்கு முழுவதும் குவாரண்டைனுக்குள் போனது.

அதிகாரிகள் ஓவராகப் பண்ணிவிட்டார்கள் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு முந்தைய வருடம், 1924இல், கலிஃபோர்னியாவில் கோமாரி வந்து ஒரு லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்று புதைக்க வேண்டியிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் காட்டில் மான்களுக்கும் தொற்றி, சுமார் 22,000 மான்களைச் சுட்டுத் தள்ளினார்கள். டெக்சஸிலும் அதே சமயம் பரவியது. இந்த நிலையில் நோய் வந்த ஊரிலிருந்து பதினோராயிரம் பெட்டி வைக்கோல் துறைமுகத்துக்கு வந்தால் யார்தான் சும்மா விடுவார்கள்? அமெரிக்காவில் கோமாரி கடைசியாக வந்தது 1929இல். இந்த மாதிரிக் கெடுபிடிக்கு அதில் பங்கு உண்டு.

தப்பு நடந்தது அதற்கு அடுத்த கட்டத்தில். பெட்டிகளை உடைத்தார்கள், கல்லை வெளியே எடுத்தார்கள், வைக்கோலை எரித்தார்கள். அதுவரை சரி. திரும்ப அடுக்கும்போது எந்தக் கல் எந்த எண் பெட்டியிலிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கைக்கு எட்டிய பெட்டியில் கைக்கு எட்டிய கல்லைப் போட்டு ஆணி அடித்துவிட்டார்கள். கூலிக்கு வந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு அது கல், பெட்டி, அவ்வளவுதான். இது ஒரு கட்டடம் என்று அந்தக் கிடங்கில் நின்று சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் ஏன் 26 வருடம் கிடங்கில் கிடந்தது?

ஹெர்ஸ்டின் பணம் வற்றியது. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகும் அவர் வாங்குவதை நிறுத்தவில்லை. 1937இல் கடன் கழுத்தை நெரித்தது, நிர்வாகம் மற்றவர்கள் கைக்குப் போனது. சேர்த்ததை விற்க ஆரம்பித்தார்கள். 1941இல் நியூயார்க்கின் கிம்பெல்ஸ் டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் அவருடைய கலைப்பொருட்கள் சட்டை, பாத்திரம் விற்கும் கடையிலேயே விலைச்சீட்டோடு வைக்கப்பட்டன. வெள்ளிச் சாமான் போகும், ஓவியம் போகும். எண் கலைந்த பதினோராயிரம் பெட்டிக் கல் யாருக்கு வேண்டும்? 1951 ஆகஸ்டில் ஹெர்ஸ்ட் இறந்தார். தான் வாங்கிய மடத்தை எழுந்து நின்ற நிலையில் அவர் பார்க்கவே இல்லை.

மியாமிக்கு எப்படி வந்தது?

1952இல் எட்ஜ்மன், மாஸ் என்ற இரண்டு தொழிலதிபர்கள் பெட்டிகளை வாங்கினார்கள். ஃப்ளோரிடாவுக்குக் காரில் வரும் சுற்றுலாப் பயணிகள் சாலையோரம் நிறுத்திக் காசு கொடுத்துப் பார்க்கும் இடமாக ஆக்குவது திட்டம். முதலைப் பண்ணை, கிளிப் பூங்கா வரிசையில் ஓர் இடைக்கால மடம்.

பெட்டியைத் திறந்தவுடன்தான் நிலைமை புரிந்தது. எண் ஒன்று சொல்கிறது, உள்ளே இருக்கும் கல் வேறொன்று சொல்கிறது. கற்களை வெளியே பரப்பி, வடிவம், விளிம்பு, செதுக்கு வேலை என்று கண்ணாலும் கையாலும் ஜோடி தேடினார்கள். 1953இல் டைம் பத்திரிகை இதை வரலாற்றிலேயே மிகப் பெரிய ஜிக்சா புதிர் என்று எழுதியது. 19 மாதம் பிடித்தது, செலவு கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் அது பயங்கரமான தொகை.

எல்லாக் கல்லும் அதனதன் இடத்தில் இருக்கிறதா?

இல்லை. ஜோடி சேராத கற்கள் மிஞ்சின. சிலவற்றைப் பிற்பாடு பக்கத்தில் கட்டிய பங்கு (உள்ளூர்த் திருச்சபைக் குழு) மண்டபத்தில் பயன்படுத்தினார்கள், மீதி பின்பக்கக் காலியிடத்தில் கிடந்தது. மடத்தின் அமைப்பும் பழையபடி இல்லை. தேவாலயம் வராததால், துறவிகள் சாப்பிட்ட கூடம்தான் இப்போது வழிபாட்டுக் கூடம்.

அசலா போலியா என்று கேட்டால், கல் அசல், செதுக்கியது 12ஆம் நூற்றாண்டு உளி, நிற்கும் வரிசை 1950களின் கொத்தனார் முடிவு. எந்த வளைவில் எந்த அளவுக்கு என்று பார்வையாளர் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதுதான் உறுத்தல். செங்கல்லில் ஒட்டுப்போட்டிருந்தால்கூட எது புதிது என்று தெரிந்திருக்கும்.

அமெரிக்கக் கண்டத்திலேயே மிகப் பழைய கட்டடம் இதுதான் என்கிறார்களே?

விளம்பரப் பேச்சு. குவாத்தமாலாவின் டிக்கால், மெக்சிகோவின் தியோதிவாக்கான் எல்லாம் இதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குள்ளேயே சாக்கோ பள்ளத்தாக்கில் பூர்வகுடிகள் எழுப்பிய பெரிய கல் வீடுகள் இந்த மடத்துக்கு முந்தியவை. அவை கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. ஐரோப்பியர் கட்டிய கட்டடங்களில் பழையது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஹெர்ஸ்ட் இன்னொரு மடமும் வாங்கினாராமே?

ஆமாம், ஓவிலா. இதைவிட விசித்திரம். குவாதலஹாரா மாகாணத்தில் த்ரீயோ ஊர் அருகே, தாஹோ ஆற்றங்கரையில் இருந்த சிஸ்டர்சியன் மடம், 1181இல் தொடங்கியது. வடக்குக் கலிஃபோர்னியாவில் வின்டூன் என்ற இடத்தில் ஹெர்ஸ்டின் தாயார் கட்டிய காட்டு மாளிகை தீயில் போனது. அந்த இடத்தில் மாபெரும் இடைக்காலக் கோட்டை ஒன்று எழுப்ப ஹெர்ஸ்ட் நினைத்தார். ஜூலியா மார்கன் வரைந்த திட்டத்தில், ஓவிலாவின் தேவாலயம் நீச்சல்குளத்துக்குக் கூரை. ஆமாம், நீச்சல்குளம்.

1931இல் பைன் வேலையைத் தொடங்கினார். ஆற்றைக் கடக்க மிதவை, கரையில் தற்காலிகத் தண்டவாளம், நூற்றுக்கும் மேல் ஆட்கள். ஏப்ரலில் ஸ்பெயினில் மன்னர் போய்க் குடியரசு வந்தது. ஜூனில் புதிய அரசு நூற்றுக்கணக்கான கட்டடங்களைத் தேசியச் சின்னங்களாக அறிவித்தது. சாக்ரமேனியாவில் மிஞ்சிய தேவாலயம் அந்தப் பட்டியலில் உண்டு, ஓவிலாவும் உண்டு. ஆனால் ஓவிலாவின் கற்களில் பெரும்பங்கு அதற்குள் கிளம்பியாகிவிட்டது.

பதினோரு கப்பலில் சான் ஃபிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தது. ஹெர்ஸ்டுக்குப் பணமுடை, கோட்டை கைவிடப்பட்டது. 1941இல் அருங்காட்சியகம் கட்டச் சொல்லி நகரத்துக்குக் கொடுத்தார். பெட்டிகளைக் கோல்டன் கேட் பூங்காவில் திறந்தவெளியில் அடுக்கினார்கள். தீப்பிடித்தது, ஒருமுறை அல்ல, பலமுறை. எண்கள் எரிந்தன, சூட்டில் கற்கள் வெடித்தன. மிஞ்சியதை எடுத்துத் தோட்டக்காரர்கள் பாத்தி கட்டினார்கள்.

1994இல் கூட்ட மண்டபத்துக் கற்கள் கலிஃபோர்னியாவின் வீனாவில் உள்ள நியூ கிளெர்வோ மடத்துக்குக் கிடைத்தன. அங்கே இருப்பவர்கள் டிராப்பிஸ்ட் துறவிகள், சிஸ்டர்சியன் சபையின் கிளை. நீச்சல்குளமாகியிருக்க வேண்டிய மடத்தின் கல் சொந்தச் சபையிடமே வந்து மண்டபமாக எழுந்தது. நிதிக்காக உள்ளூர் பீர்க் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 'ஓவிலா' என்ற பெயரில் பீரும் வந்தது. துறவி மடங்களுக்கும் பீருக்கும் பழைய உறவு என்பதால் அதில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

சரி, நிஜக் கோட்டை எதுவும் இப்படிப் போகவில்லையா?

பகுதியாகப் போனது உண்டு. தெற்கு ஸ்பெயினில் வேலெஸ் பிளாங்கோ கோட்டை, 1506–1515இல் கட்டியது. 1904இல் அதன் உள்முற்றத்துப் பளிங்கு வேலைப்பாட்டை முழுசாக உருவி விற்றுவிட்டார்கள். பாரிஸ் வியாபாரி வழியாக நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் புளூமெந்தால் வாங்கித் தன் வீட்டு நடுக்கூடமாக வைத்தார். அவர் இறந்தபின் வீட்டை இடித்தார்கள், பளிங்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வந்து 1964இல் திறக்கப்பட்டது. ஸ்பெயினில் வெளிச்சுவர் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை, உள்ளே போனால் வெறுங்கூடு.

ஹெர்ஸ்ட் வேல்ஸில் வாங்கியது செயின்ட் டோனட்ஸ் கோட்டை. அதை அவர் நகர்த்தவில்லை, மாறாக இங்கிலாந்தின் பிராடன்ஸ்டோக் மடத்தைப் பிரித்துக் கூரையை அதற்குள் கொண்டுவந்தார். பிரிட்டனில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதே மடத்தின் களஞ்சியம் பெட்டியேறி அமெரிக்கா போனது, மறுபடி எழவே இல்லை.

சாக்ரமேனியாவில் இப்போது என்ன இருக்கிறது?

தேவாலயம் இருக்கிறது, தனியார் நிலத்துக்குள். பக்கத்திலேயே, சுற்று நடை இருந்த இடம் காலி. அந்த வட்டாரத்துக்கே இந்த ராசி போலிருக்கிறது. பக்கத்து ஊரான ஃபுவெந்திதுவேனியாவின் தேவாலயக் கருவறைப் பகுதியும் நியூயார்க்கில்தான், மெட்ரோபாலிட்டனின் கிளையான 'க்ளாய்ஸ்டர்ஸ்' அருங்காட்சியகத்தில் 1961 முதல். ஆனால் அது அன்றைய ஸ்பானியச் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசே நீண்டகாலக் கடனாகக் கொடுத்தது. பதிலுக்கு அமெரிக்காவில் இருந்த ஸ்பானியச் சுவரோவியங்கள் சில மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்துக்கு வந்தன. பண்டமாற்று என்றாலும் ரசீது இருக்கிறது.

திருப்பிக் கொடுத்துவிடலாமே?

திருடிய சிலை என்றால் கேட்கலாம். இது அன்றைய சட்டப்படி விற்பனை. அதைவிடப் பெரிய சிக்கல், ஒருமுறை கலைந்து சேர்ந்ததை மறுபடி பிரித்தால் இன்னும் கலையும். மியாமியிலும் அது நின்று 70 வருடத்துக்கு மேல் ஆகிறது, அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பேரன் பேத்தி இருக்கும். என்னைக் கேட்டால், பின்பக்கம் சும்மா கிடக்கும் கல்லையாவது ஊருக்கு அனுப்பியிருக்கலாம்.

இப்போது யார் கையில் இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?

சுற்றுலா வியாபாரம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 1964இல் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோபல் திருச்சபை வாங்கியது. பின்னர் அதற்கும் பணமுடை வர, ராபர்ட் பென்ட்லாண்ட் என்ற வங்கியாளர் வாங்கி உள்ளூர்ப் பங்குக்கே நன்கொடையாகக் கொடுத்தார். ரோமன் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் இன்று ஆங்கிலிக்கன் மரபுத் திருப்பலி, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். 1972 முதல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் இருக்கிறது.

போகலாம். வட மியாமி பீச்சில், மேற்கு டிக்ஸி நெடுஞ்சாலையை ஒட்டி. டிக்கெட் உண்டு. கல்யாணத்துக்கும் போட்டோ ஷூட்டுக்கும் அந்த ஊரில் இதுதான் முதல் சாய்ஸ் என்பதால் வாரக்கடைசியில் பாதி இடத்தை மூடிவைத்திருப்பார்கள். போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.